மாரல் எழுதிக் கொடுத்த காகிதம்

பருத்தி எடுக்கப் போகுமுன் எங்கள் ஊர் ஆசிரியர்கள் எல்லோரும் சொந்தக் கையால் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும், விரும்பித்தான் போகிறோம் என்று. எழுதாவிட்டால் வேலை போய்விடும். துர்க்மெனிஸ்தானில் விருப்பம் இப்படித்தான் வரும்.

இந்த வருஷம் என் பக்கத்து வரிசையில் இரண்டாம் வகுப்பு டீச்சர் மாரல். ஏழு மாதக் கர்ப்பம். மூன்றாம் நாளே கால் வீங்கிவிட்டது.

"மேஸ்திரிகிட்ட சொல்லிட்டுப் படுத்துக்கடி."

"சொன்னேன்க்கா. 'உள்ள இருக்கறவனும் சேந்து எடுக்கட்டும்'னு இளிக்கறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பருத்தி போய்ச் சேரும் நூற்பாலை வாசலில் ஒரு புகார்ப்பெட்டி தொங்குகிறது. அங்கே நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி மாட்டியது. கட்டாயப்படுத்தி வாங்கிய வேலையா என்று வயல்வரைக்கும் விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் நாட்டில் சட்டமாம். பெயர் போட வேண்டியதில்லையாம். நானும் போடவில்லை. இங்கே யாரும் விரும்பி வரவில்லை, மாரலையாவது வீட்டுக்கு அனுப்ப வையுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி, பருத்தி லாரியில் தொற்றிப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

கம்பெனி கடமை தவறவில்லை. பத்தே நாளில் என் கடிதத்தைப் படமெடுத்து, விளக்கம் கேட்டு ஆலைக்கே அனுப்பியது.

ஆலை அதிகாரி யாஸ்மிராத் காரில் வயலுக்கு வந்தான். படத்தை நீட்டினான்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா டீச்சர்? எழுத்தெல்லாம் கோட்டு மேல உக்காரணும்னு எத்தனை தடவை என் காதைத் திருகியிருப்பீங்க!"

முப்பது வருஷமாக இந்த ஊருக்கே எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே கையால் மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான். "மாரலை வீட்டுக்கு அனுப்பிடலாம். ஆனா, விரும்பித்தான் வந்தேன், யாரும் கட்டாயப்படுத்தலன்னு அவ கம்பெனிக்குத் தனியா எழுதித் தரணும். கேட்டா முடியாதுங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

மாரல் என் முகத்தையே பார்த்தாள். "மறுபடியும் பொய்யாக்கா?"

"எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போடி. குழந்தைதான் முக்கியம்."

எழுதினாள். யாஸ்மிராத் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கார் பின்சீட்டு முழுக்க முலாம்பழம், ஆள் உட்கார இடமில்லை.

"நாளைக்கு லாரி வரும், அதுல அனுப்பறேன்" என்றான்.

லாரி வரவில்லை. மறுநாள் மத்தியானமே மாரலுக்கு வலி எடுத்துவிட்டது. டிராக்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே காவல்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. நர்சுகள் எல்லோரும் எங்களுக்கு அடுத்த வயலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையை நான்தான் கையில் வாங்கினேன். அது அழவே இல்லை.

அடுத்த மாதம் ஆலை வாசலில் கம்பெனியின் அறிவிப்பை ஒட்டினார்கள். முறைப்படி விசாரித்தார்களாம், கட்டாயம் எதுவும் இல்லையாம், புகாரை முடித்துவிட்டார்களாம். அதற்குக் கீழே மாரலின் காகிதத்தையே ஆதாரமாக ஒட்டியிருந்தார்கள். அதை எழுதச் சொன்னவள் நான்.