சமாதானத் தாய்க்கு ஒரு சால்வை

எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டுக் குடித்தான். முகச்சவரம் செய்தான். பெண்டாட்டி செத்ததிலிருந்து எல்லாக் காலையும் இப்படித்தான். இன்று கூடுதலாக, அம்மா எடுத்துவைத்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

"கழுத்து பட்டனையும் போடுடா. அவ பேரைச் சொல்றப்ப கொஞ்சம் அழு. நீ அழலைன்னா நான் அழணும், பவுடர் கலைஞ்சிடும்," என்றாள் அம்மா.

அம்மாவுக்கு அன்று சால்வை போடுகிறார்கள். 'சமாதானத் தாய்' என்று பட்டம் வேறு. ஆற்றின் இரு கரைக்காரர்களும் ஒருவர் கடையை ஒருவர் கொளுத்திக்கொண்டிருந்த ஊரில், அக்கரைப் பெண்ணை மருமகளாக ஏற்றுக்கொண்ட ஒரே வீடு அவர்களுடையது. ஏற்றுக்கொண்ட லட்சணம் அவனுக்குத் தெரியும். மருமகள் உள்ளே. பெற்றவர்கள் கேட்டுக்கு வெளியே. அக்கரைக்காரர் இக்கரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, எழுதாத சட்டம்.

சால்வை போடுவதற்கு முன்னால் இரு கரை இளைஞர் கலந்துரையாடல், பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்தால் பகை போய்விடுமாம். இரண்டு கரைக்காரர்களும் ஆளுக்கு அரை வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

நிகழ்ச்சியை நடத்துபவருக்குப் பையன்கள் வைத்த பெயர் புறா. அவர் அவனைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உங்க வீட்டம்மா கடைசியா சொன்னதைச் சொல்றீங்க. 'ரெண்டு கரையும் ஒண்ணா இருக்கணும்.' அவ்வளவுதான்."

"அவ அப்படிச் சொல்லலையே."

"மனசுக்குள்ள சொல்லியிருப்பாங்க தம்பி."

அன்றைய பயிற்சி இது: எதிர்க்கரை ஆளிடம் மனதை அரிக்கிற ஒரு கேள்வி கேட்கலாம். கேட்கப்பட்டவர் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். விதி புறா போட்டதுதான். அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் அவன் மச்சினன், செத்தவளின் தம்பி. மைக்கை வாங்கினான்.

"மாமா, இது எங்கம்மா கேக்கச் சொன்னது. ஆஸ்பத்திரியில கைவிரிச்சதும் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்னிக்கு, உங்க கேட்டுக்கு வெளியில மத்தியானம் பூரா நின்னோம். உங்கம்மா வந்து, 'அவ உங்களைப் பாக்க விரும்பல, போங்க'ன்னாங்க. அக்கா அப்படியா சொன்னா?"

இது அவனுக்குப் புதுச் செய்தி. 'அவங்க நிக்காம போயிட்டாங்கடா' என்றுதான் அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள்.

வட்டத்துக்கு வெளியே பெரியவர்களுக்குப் போட்டிருந்த முன்வரிசையைப் பார்த்தான். அம்மா கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு, ஆமாம் என்று சொல்லச் சொல்லி வேகமாகத் தலையாட்டினாள். சால்வையை ஓட்டல் சர்வர் துண்டு போல முழங்கையில் தொங்கவிட்டிருந்த புறா, கைகளைக் கோத்துக் காட்டினார். ஒற்றுமையாம்.

"சொல்லல," என்றான் அவன், மச்சினனிடமிருந்து மைக்கை வாங்கி.

"டேய், வீட்டு விஷயத்தை வீட்டுல பேசிக்கலாம்டா," என்றாள் அம்மா.

"வீட்டுக்குள்ள இவனை விடமாட்டியேம்மா. எங்க பேசறது?"

அக்கரை அரை வட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புறா மைக்கைப் பிடுங்க வந்தார். அவன் மைக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான்.

"நீங்க நிக்கறது ஜன்னல் வழியா அவளுக்குத் தெரிஞ்சுது. என்கிட்ட சொன்னா. நான் போய் எங்கம்மாகிட்ட கேட்டேன். 'நான் கூப்பிட்டுக்கறேன், நீ மருந்துக்கு ஓடு'ன்னாங்க. ஓடினேன். திரும்பி வந்தப்ப அவ இல்ல. அவ கடைசியா சொன்னதை அப்படியே சொல்றேன், உங்கம்மாகிட்ட போய்ச் சொல்லு."

மைக்கை வாயருகே கொண்டுவந்தான்.

"'எங்கம்மா வெயில்ல நிக்கறாங்க. உங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டு நிக்காம, நீங்களே போய்க் கேட்டைத் திறங்க.'"