விக்ரோறியாவின் கண்ணாடி

ஒட்டுநாடாவின் நுனி அகப்படாமல் யேசுராசா நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லி மகன் கிரிஷான் ஆங்கிலத்தில் அடித்த தாள் கையில் இருந்தது: விக்ரோறியா காலமானார், பத்து மணிக்குப் பூசை, பிறகு அடக்கம். மூன்று நாளுக்கு முன் பால் போத்தல் அடுக்கிக்கொண்டு நின்ற மனைவி சரிந்து விழுந்தாள். அவ்வளவுதான்.

மன்னாருக்குக் கொண்டுபோய் அவளுடைய தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கவேண்டும் என்று யேசுராசா நேற்றுவரை ஒற்றைக்காலில் நின்றார். இங்கேயே அடக்குவோம் என்ற மகனுக்கு முடிவில் விட்டுக்கொடுத்தாலும் மனம் ஆறவில்லை.

"முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில அவளைத் தனியத் தாட்டுப்போட்டு வாறதோ?" என்று காலையிலும் கேட்டார். கிரிஷான் இந்தத் தாளை நீட்டினான்.

தாளை ஒட்டவும் இடமில்லை. காணாமற்போன பூனை, விலைக்கு வந்த பியானோ, பாட்டுக்குழுவுக்கு ஆள் தேவை என்று பிளாக்ஹவுஸ் பே என்ற அந்த வெளிநாட்டுப் புறநகரின் நாலு தெருச் சங்கதியும் அந்தக் கண்ணாடியில்தான் குடியிருந்தது. பேஸ்புக் வந்த பிறகும் சனம் அட்டையோடு விக்ரோறியாவிடம்தான் வந்தது. கடைக்குள் வெளிச்சம் வரவில்லை, இரண்டு கிழமையில் கழற்றி எறி என்று அவர் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார். விசயம் முடியட்டும் என்பாள். ஊரார் பூனைக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் போய்விடுவார்.

வேறு ஒட்டுநாடா தேடிக் கல்லாவின் கீழ் கையை விட்டபோது சிப்ஸ் பெட்டிகள் தட்டுப்பட்டன. நான்கு பெட்டி நிறையப் பழைய அட்டைகள். குப்பை சேர்த்திருக்கிறாள் என்று எடுத்தவர், ஒன்றைத் தற்செயலாகத் திருப்பினார். பின்பக்கம் அவளுடைய சாய்ந்த தமிழ் எழுத்து.

'பூனை கிடைத்தது. பதினாலாம் நம்பர் படிக்குக் கீழே, மூன்று குட்டியோடு.'

அடுத்ததைத் திருப்பினார். 'தொட்டில் கொடுத்தாயிற்று. பெண்பிள்ளை.' இன்னொன்று, யாரோ கண்டெடுத்த கைத்தடி பற்றியது. 'உரியவர் வரமுன்னம் காலமாகிவிட்டார். மனுசியிடம் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா.'

யேசுராசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த அட்டையைத் திருப்பினாலும் ஒரு முடிவும் தேதியும் இருந்தன. கல்லாவை விட்டு அசையாத மனுசி ஒரு ஊரையே விசாரித்து, ஒருவரையும் தவறவிடாமல் எழுதி வைத்திருக்கிறாள். இவ்வளவு பெரிய மனுசியோடா வெளிச்சத்துக்காகச் சண்டை பிடித்தேன் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

கடைசிப் பெட்டியின் அடியில் மஞ்சள் பாரித்த அட்டை ஒன்று. அவருடைய கையெழுத்தேதான். 'அறை தேவை. கணவன், மனைவி, ஒரு மகன். துப்புரவான ஆட்கள்.' இந்த நாட்டில் வந்திறங்கிய கிழமை இதே கண்ணாடியில் ஒட்டியது. அப்போதைய முதலாளி ரத்னா அன்றைக்கே கடையின் பின்னறையைக் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் கடையும் இவர்களுக்கே வந்தது.

திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் விக்ரோறியா கேட்பாள், "இனி இதுதானே எங்கட இடம்?" அவர் ஒவ்வொரு முறையும் "பாப்பம்" என்பார். ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவருக்கு. அவள் அதற்கு மேல் கேட்டதில்லை. அவர் சொல்லாமல் அவள் அட்டையில் முடிவை எழுதவுமில்லை.

வெளியே கிரிஷானின் கார் ஹோர்ன் அடித்தது. யேசுராசா கல்லாவிலிருந்த பேனையை எடுத்து, அட்டையின் வெறும் பக்கத்தில் 'கிடைத்தது' என்று எழுதி இன்றைய தேதியைப் போட்டார். கண்ணாடியின் நடுவில் வேறு இரண்டு அட்டையை ஒதுக்கி, புதிதாக எழுதிய பக்கம் தெருவைப் பார்க்க அதை ஒட்டினார். மகனின் தாளைக் கதவில் ஒட்டினார்.

கிரிஷான் வந்து பார்த்தான். "இங்க ஆருக்கப்பா இந்தத் தமிழ் விளங்கும்?"

"விளங்கவேண்டிய ஆளுக்கு விளங்கும்."

கார் புறப்பட்டபோது, நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி கடை முன்னால் நின்றாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் புது அட்டையிடம் குனிந்தாள்.