குரியாச்சனின் வண்டி எவ்வளவு ஓடியது

பந்தல்கால் நட இடமில்லை என்று ஆட்கள் சத்தம் போட்டதால், கொட்டகையில் நின்ற காரை வெளியே எடுக்க ரெஜியை அனுப்பினார்கள். அந்த மலையில் வண்டி ஓட்டத் தெரியாதவர் யார்? ஆனாலும் செத்துப்போன குரியாச்சனின் மச்சினன், தொடுபுழாவில் பழைய கார் விற்கிறவன், அவன் குத்துக்கல்லாக நிற்கும்போது இன்னொருவர் சாவியைத் தொட்டால் நன்றாகவா இருக்கும்?

மூன்றாம் தடவைதான் இன்ஜின் பிடித்தது. மீட்டரில் நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. ரெஜி அந்தப் பக்கம் பார்க்காமல் ரிவர்ஸ் கியரைப் போட்டான். காபிச் செடிகளின் ஓரமாக வண்டியை நிறுத்தியதும், பக்கத்து வீட்டு வர்க்கி ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"எவ்வளவுடா ஓடியிருக்கு?"

"நாப்பத்திரண்டு."

"எத்தனை வருஷத்து வண்டி?"

"பத்து, பதினொண்ணு இருக்கும்."

"அப்படின்னா கம்மிதானே? நீதான் இதுல புலியாச்சே, சொல்லு. எவ்வளவு ஓடினா அதிகம்?"

தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற பேச்சு. வாய் தானாகவே சொன்னது. "வருஷத்துக்கு ஒரு பன்னெண்டாயிரம்னு வெச்சுப் பாக்கணும் சேட்டா. லட்சத்தைத் தாண்டினா கொஞ்சம் யோசிக்கணும்."

"அப்ப இது பச்சைக் குழந்தை!" வர்க்கி பானெட்டைத் தட்டினார். "உன் அக்கா ஆலீஸ் சொல்றது சரிதான் போல."

"சேச்சி என்ன சொல்றா?"

"கிலோமீட்டர் ஏறிடும்னு வண்டியைப் பொத்திப் பொத்தி வெச்சு, உன் அளியன் குரியாச்சன் கடைசில உசுரை விட்டுட்டான்னுதான்."

ரெஜி சாவியை உருவி சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

நடு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் குரியாச்சன் வெள்ளை ஜிப்பாவில் படுத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுவர்த்திகள், மார்பில் ஜெபமாலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஆலீஸ் அழவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சை அடைக்குதுன்னார். சட்டையெல்லாம் வேர்வை. சாவி ஆணியில தொங்குது. 'வாங்க, நான் ஓட்டறேன்'னு கையைப் பிடிச்சு இழுக்கறேன். 'அந்த வண்டி வேணாம், டிரைவர் பேபியோட ஜீப் வரட்டும்'ங்கறார். ஜீப் ஏலக்காய் ஏத்திட்டுப் போயிருக்கு. கொட்டற மழை. அது வந்து சேர ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, பாதி ஏத்தத்துல என் மடியிலேயே போயிட்டார்."

"அப்படியும் ஒரு கஞ்சத்தனம் உண்டா கர்த்தாவே!" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"கஞ்சத்தனம்தான். ரெண்டு வருஷமா என்னை ஒரு கல்யாணத்துக்கு அதுல கூட்டிட்டுப் போனதில்லை. பஸ்ஸுலதான் போவோம். கேட்டா, 'வண்டி புதுசாவே இருக்கட்டும்டி'ம்பார். நல்லா புதுசா இருக்கு, போய்ப் பாருங்க."

ரெஜி சுவரோடு ஒட்டி நின்றான். குரியாச்சன் கஞ்சனா? ஊரில் யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லாத மனுஷன். அந்தப் பேரும் இன்றோடு போகப்போகிறது. வந்தவர்கள் பெட்டியைப் பார்த்து "அடப் பாவமே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, வெளியே போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார்கள்.

மூன்று வருஷம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் குரியாச்சன் அவன் யார்டுக்கு வந்து இறங்கினார். வரிசையில் நின்ற கார்களைப் பார்த்துக்கொண்டே போனவர், இந்த வெள்ளைக் காரிடம் நின்றார். ஆறு மாதமாக விற்காமல் கிடந்த வண்டி. ரெஜி அதற்கு மீட்டரைக் குறைத்து, பெடல் ரப்பர் மாற்றி, ஸ்டியரிங்குக்கு உறை போட்டு, சீட்டுக்கும் புதுத் துணி போட்டிருந்தான். எல்லா வண்டிக்கும் செய்வதுதான். "எட்டு வருஷ வண்டிக்கு இது ரொம்பக் கம்மியா இருக்கே அளியா?" என்று அவர் கேட்டார். அப்போது பக்கத்தில் வேறு இரண்டு கஸ்டமர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரு டாக்டரோட வண்டி. வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் ஓட்டம்," என்றான் ரெஜி. அவர்கள் போன பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தான். ஆனால் அதற்குள் குரியாச்சன் அவன் தோளில் கையைப் போட்டு, "நீ இருக்கும்போது எனக்கென்னடா கவலை," என்று சொல்லிவிட்டார்.

அளியனுக்கு விஷயம் தெரிந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இன்றும் அப்படியே நினைக்கப் பார்த்தான்.

அடக்கம் முடிகிறவரை வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாலில்லாத கட்டன் காப்பியைக் கொல்லைப்புறத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பென்னி ஒரு கிளாஸை ரெஜியிடம் நீட்டினான்.

"ஆலீஸ் சேச்சி பேசறதைக் கேக்கவே முடியலை ரெஜி. நான் வாயைத் திறக்கலாமா?"

"என்ன விஷயம்?"

"குரியாச்சன் உன்கிட்ட எதுவுமே சொல்லலையா? ரெண்டு வருஷம் இருக்கும். வண்டி என் ஷெட்டுல நிக்குது. ஒருத்தன் சுத்திச் சுத்தி வந்து பாக்கறான். 'இது என் வண்டியாச்சே, நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு ராப்பகலா ஓட்டினேன், ரெண்டு லட்சம் தாண்டித்தான் வித்தேன்'ங்கறான். குரியாச்சன் அங்கதான் நிக்கறார்."

ரெஜி காப்பியைக் கீழே வைத்தான். "அவர் என்ன சொன்னார்?"

"சிரிச்சார். அந்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பினார். அப்புறம் என்கிட்ட, 'பென்னி, இது ஆலீஸ் காதுக்குப் போகக்கூடாது, அவளுக்குன்னு இருக்கறது ஒரே தம்பி'ன்னார். வண்டி ரெண்டு தடவை ஏத்தத்துல சூடாகி நின்னுபோச்சு. அதுக்கப்புறம் சர்ச், கடைவீதி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஏத்தத்துல அதை நம்பி ஏற முடியுமா? நானா இருந்தாலும் ஜீப்புக்குத்தான் காத்திருப்பேன்."

ரெஜி கீழே வைத்த கிளாஸை மறுபடி எடுத்தான்.

"உன்னையும் யாரோ நல்லா ஏமாத்திட்டானுங்க," என்றான் பென்னி. "குரியாச்சனும் அப்படித்தான் சொன்னார். 'பாவம் ரெஜி, அவனுக்கே தெரிஞ்சிருக்காது'ன்னார்."

அளியன் அதை நம்பித்தான் சொன்னாரா, பென்னிக்காகச் சொல்லி வைத்தாரா? இனி யாரைக் கேட்பது? அவர் நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

மூன்று மணிக்குப் பாதிரியார் வந்தார். ஜெபம் முடிந்து, ஊர்வலம் மேட்டிலிருந்த சர்ச்சுக்கு நடந்தது. வெள்ளிக் குருசு முன்னால் போக, பெண்கள் தலையில் முக்காடிட்டுப் பின்னால் போனார்கள். நல்லவேளையாக மழை விட்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை ஸ்டூல்களின் மேல் வைத்தார்கள். முகத்தை மூடுவதற்கு முன் கடைசி முத்தம். அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், கூட்டாளிகள் என்று ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டு நகர்ந்தார்கள். சர்ச்சில் வேலை பார்க்கும் கோயில் பிள்ளை மடித்த வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆலீஸ் மட்டும் ஒரு பழைய கல்லறையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"வா ஆலீஸ்," என்றாள் நாத்தனார்.

"நான் வரலை."

"மோளே, என்ன பேச்சு இது? இனிமே பாக்க முடியுமா?"

"என்னைவிட அவருக்கு அந்த வண்டிதானே பெருசு? அதைக் கூட்டிட்டு வந்து முத்தம் குடுக்கச் சொல்லுங்க."

பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். எத்தனை நேரம்தான் அவரும் காத்திருப்பார்? துணியைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. இந்த ஆத்திரத்தோடு அக்கா வீட்டுக்குப் போவாள். அதற்கப்புறம் வாழ்நாளெல்லாம் இந்த ஒரு முத்தத்தை நினைத்துச் சாவாள்.

ரெஜி அவளிடம் போனான். "சேச்சி, அவர் கஞ்சத்தனத்துல அப்படிச் சொல்லலை."

"உனக்கென்னடா தெரியும்?"

என்னையும் யாரோ ஏமாத்திட்டாங்க என்று சொன்னால் போதும். பென்னியே சாட்சி சொல்வான். செத்தவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வார்த்தை அவன் நாக்கின் நுனிவரை வந்தது. பெட்டிக்குள் குரியாச்சனின் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது.

"அந்த மீட்டர் பொய் சேச்சி. நான்தான் குறைச்சேன். ரெண்டு லட்சம் ஓடின வண்டி அது. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வழியில நின்னுடும்னுதான் ஜீப்புக்குக் காத்திருந்தார்."

ஆலீஸ் அவனையே பார்த்தாள். "என்கிட்ட ஏன் சொல்லலை அவர்?"

"நான் உன் தம்பிங்கறதால."

அவள் கையை ஓங்குவாள் என்று நினைத்தான். ஓங்கியிருந்தால் கன்னத்தைக் காட்டியிருப்பான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டு பெட்டியிடம் போனாள். நெற்றியில், கண்களில், குளிர்ந்த உதட்டில் முத்தமிட்டாள். "எம்மேல கோவிச்சுக்காதீங்க, கோவிச்சுக்காதீங்க," என்று அவர் காதில் சொல்லி அழுதாள். அன்று முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

வீட்டாரில் முத்தமிட வேண்டியவன் இன்னும் ஒருத்தன்தான் பாக்கி. ரெஜி செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் அருகில் போனான். குனிவதற்காகப் பலகையின் விளிம்பைப் பிடித்தான்.

ஆலீஸ் கோயில் பிள்ளையின் கையிலிருந்து வெள்ளைத் துணியை வாங்கி விரித்தாள். புருஷனின் முகத்தின் மேல் போட்டு, நாலு பக்கமும் ஒழுங்காகச் செருகினாள்.

"எல்லாரும் குடுத்தாச்சு ஃபாதர்," என்றாள்.