ஆர்ட்வெல்ஸ் கடையின் தொப்பி மாடி

எங்கள் ஊர்க் கடைவீதியான பிளாசாவில் ஆர்ட்வெல்ஸ் என்ற பல மாடிக் கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அங்கே பெண்களுக்குத் தொப்பி விற்ற மாடியை ஆண்டவள் என் அம்மா மேக்சின். பிளாசாவின் பெரிய கடைகளுக்கு நினைவுப் பலகை வைக்கிறார்கள் என்றதும், அதில் அம்மா பெயரும் வரவேண்டும் என்று கமிட்டிக்காரர்களின் பிராணனை வாங்கினேன். தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

நேற்றுத் திறப்பு விழா. அந்தக் கடையின் பழைய தொப்பிகளைப் பெட்டிகளோடு பிளாசா நீரூற்றுப் பக்கம் மேசையில் அடுக்கி, யார் வேண்டுமானாலும் போட்டுப் படமெடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்ததும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அம்மா சக்கர நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மைக் என் கையில். அப்போது வெர்னெல் வந்தார். ஆர்ட்வெல்ஸில் லிஃப்ட் ஓட்டிய கறுப்பினப் பெண்மணி. ஒரு நீலத் தொப்பியை எடுத்துத் தலையில் படாமல் அந்தரத்தில் பிடித்தபடி கண்ணாடி பார்த்தார்.

"என்ன மிஸ் வெர்னெல், தொப்பி கடிச்சிடுமா? சும்மா போடுங்க!" என்றேன். கூட்டம் சிரித்தது.

"இரு வெர்னெல், அவசரப்படாதே." அம்மா தொப்பியை வாங்கி, தொப்பிப் பெட்டியிலிருந்து மெல்லிய காகிதம் ஒன்றை உருவி, உள்ளே சுருக்கமில்லாமல் விரித்து நீட்டினாள். "இப்பப் போடு. உனக்கு எடுப்பா இருக்கும்."

"காகிதம் எதுக்கும்மா? அளவு பெரிசா?" என்று மைக்கை அவளிடம் கொண்டுபோனேன்.

"அளவுக்கு இல்லடி. கறுப்புப் பொம்பளைங்களுக்கு அப்படித்தானே குடுப்போம்? அவங்க தலை பட்டுட்டா அப்புறம் எந்த வெள்ளைக்காரி வாங்குவா?"

பிளாசா முழுக்கக் கேட்டது. மானம் கப்பலேறியது. இதெல்லாம் எனக்குத் தெரியாது என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த மாடியில் விளையாடி வளர்ந்தவள் நான்.

வெர்னெல் தொப்பியை மேசையில் வைத்தார். "விடு கண்ணு. மிஸ் மேக்சின் நல்லவங்க. மத்த கடையில நாங்க தொப்பியைத் தொடக்கூட விடமாட்டாங்க."

அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் திரும்பி பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

"துணியை விலக்குங்க" என்று கமிட்டிக்காரர் கிசுகிசுத்தார். நினைவுப் பலகையை மூடியிருந்த துணியின் கயிறு என் கையில் இருந்தது. இழுக்க முடியவில்லை.

அம்மா என் முழங்கையைத் தொட்டாள். "ஏண்டி எல்லாரும் இப்படிப் பாக்கறாங்க? புதுக் காகிதம்தானே வெச்சேன்?"