ஆடி வெள்ளியில் எழும்பிய எந்திரம்

மாடம்பாக்கத்தைத் தாண்டி ஏரிப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் யூனிஸும் அவளுடைய முதலாளி சத்தியநாதனும் ஓர் எந்திரத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் ஏறாத சின்ன விமானம். ஜெட் எஞ்சினின் புகைவாய்களைத் தரையைப் பார்க்கத் திருப்பினால் நின்ற இடத்திலேயே எழும்ப வேண்டும். எழும்பியதும் பின்பக்கம் திருப்பினால் அம்பாகப் பாய வேண்டும். வேண்டும், வேண்டும் என்பதெல்லாம் காகிதத்தில். இதுவரை ஒரு விரற்கடை எழும்பவில்லை. ஊர்க்காரர்கள் அதற்குப் 'படுத்த எருமை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

1994 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. எந்திரத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். சிமெண்டுச் சுவருக்குப் பின்னால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியோடு யூனிஸ். சுவரிலிருந்த கண்ணாடி வழியே எந்திரத்தின் முதுகு மட்டும்தான் தெரியும். மணல்மூட்டைக்குப் பின்னால் குந்தி, அடிப்பக்கத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பது ஃபிட்டர் ஜெயவேலுவின் வேலை. அவர் அந்த ஊர்க்காரர். 'ஏத்து', 'கம்மி பண்ணு', 'ஆஃப்': அவ்வளவுதான் அவர்கள் பாஷை.

எஞ்சின் காதைப் பிளந்தது.

"ஏத்து மேடம்!"

ஏற்றினாள்.

"இன்னும் ஏத்து!"

ஏற்றினாள். சற்று நேரத்தில் அவர் குரல் அலறலாக மாறியது. "மேல ஏத்து மேடம்! மேல ஏத்து!" என்று அவள் காதில் விழுந்தது. எருமை எழுந்திருக்கப்போகிறது, அதுதான் மனுஷன் துள்ளுகிறார் என்று நினைத்தாள். பாழாய்ப்போன நினைப்பு. கைப்பிடியை முழுசாகத் தள்ளினாள்.

எழும்பியது! சங்கிலி விறைக்க முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. சுவருக்குப் பின்னால் அவள் பக்கத்தில் நின்ற சத்தியநாதன் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். யூனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்திரத்தின் அடியிலிருந்து தீ தரையோடு தரையாக நாலாபக்கமும் பரவுவதை அப்புறம்தான் பார்த்தாள். அந்தத் தீக்குள், கையில் ஈரச்சாக்கோடு ஜெயவேலு.

கைப்பிடியை வெடுக்கென்று இழுத்தாள். எந்திரம் தொப்பென்று விழுந்தது. அவரை வெளியே இழுத்துப்போட்டபோது மார்பும் இரண்டு கைகளும் வெந்திருந்தன.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில், நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஜெயவேலுவின் மனைவி கிளியம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"எண்ணெய்க் குழாய் ஒழுகித் தீப்பிடிச்சிருக்கு அக்கா. எனக்குத் தெரியல. அவரே 'மேல ஏத்து, மேல ஏத்து'ன்னு கத்தினார். நிஜமா அவர்தான் கத்தினார்."

கிளியம்மாள் அவளையே பார்த்தாள். "மலையேத்துன்னு சொல்லியிருப்பாரும்மா."

"அப்படின்னா?"

"வெளக்க மலையேத்துன்னு கேட்டதில்ல? எரியறத நிறுத்தச் சொல்றது. இன்னொரு வார்த்த கீதே, அத நாங்க வாயால சொல்லமாட்டோம். அதுவும் ஆடி வெள்ளில. பதட்டத்துல வூட்டுப் பேச்சு வந்துகீது."

யூனிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்து, நிறுத்து என்று அந்த மனுஷன் கதறக் கதற, அவர்மேல் தீயை ஏற்றிவிட்டிருக்கிறாள். கண் கலங்கி ரசித்தும் இருக்கிறாள். ஆண்டவரே, இதை எந்த வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்பது?

கிளியம்மாளிடம் கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "உங்க வூட்ல வெளக்கு ஏத்த மாட்டீங்களாம்மா?" என்று நிஜமாகவே கேட்டாள்.

"மெழுகுவத்திதான் அக்கா. ஜெபம் முடிஞ்சதும் ஊதி அணைச்..."

கிளியம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"அந்த வார்த்த வேணாம்மா. அவரு உள்ள கீறாரு."