பலூனுக்குச் சவரம்

பாதிக் கன்னம் மழித்திருந்தபோது அவர் சவரக்கத்தியை மூடி வைத்துவிட்டார். "மிச்சத்த மெஷின்ல எடுத்துடட்டுமா சார்?" என்று கேட்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிக்குக் கேட்டது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கத்திச் சவரத்துக்காகவே ஊர் தாண்டி ஆள் வரும் கடை அது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய், கத்தி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம்.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்றார் மருத்துவர். முதலில் பயிற்சி, கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை. பயிற்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை, அவளுடைய தம்பியே பிசியோதெரபிஸ்ட். "கையப் புடிச்சு ஆட்டுறதுக்கு ஒரு படிப்பு" என்று இத்தனை வருஷம் அவனைக் கிண்டலடித்த மனுஷர், சத்தமில்லாமல் கையை நீட்டினார். முஷ்டி பிடித்து, விரல்களை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து, கட்டைவிரலை விரித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கடைசியில் மற்றக் கையால் அந்தக் கட்டைவிரலை லேசாக இழுக்க வேண்டும். சிக்கிக் கிடக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் பழகுமாம்.

ஒரு நாள்கூட விடாமல் செய்தார். மரப்பு கூடித்தான் போனது. ரோஷக்காரர், வாயைத் திறக்கவில்லை. காபி ஆற்றும்போது தற்செயலாகப் பார்த்த அவள்தான் கண்டுபிடித்தாள். கத்தி வைக்குமுன் தோலை விண்ணென்று இழுத்துப் பிடிப்பாரே, அதே பிடியில் கட்டைவிரலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன கன்னமா? இந்த இழுப்பு இழுக்கிறீங்க!"

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "நரம்பு வழுக்கணும் மாமா, இறுகக் கூடாது. சுர்ருன்னா உடனே விட்டுடணும்."

விடுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. பேருந்துக்கு நிற்கையில்கூட அந்தக் கை மெல்ல மடங்கி, மெல்ல விரியும். மரப்பு குறைந்த பிறகு, நேற்றுத் தொழிலுக்கு வந்தவர்போல, பலூனில் நுரை தடவி மழிக்க ஆரம்பித்தார். ஊதிக்கொடுப்பது அவள் வேலை. டப்பென்று வெடித்து முகமெல்லாம் நுரை தெறிக்கும், துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பார். நானாயிருந்தால் கத்தியைத் தூக்கிக் கடாசியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதர்மேல் இவ்வளவு பெருமை அவளுக்கு வந்ததில்லை.

பலூன்கள் வெடிப்பது நின்றது. ஆனாலும் ஆள் கழுத்தில் கத்தி வைக்க மாட்டேன் என்றார். "பலூன் போனா வேற ஊதலாம். இது உசுரு."

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் தம்பி வந்தான். தானே துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"வேணாம் மாப்ள."

"ஊருக்கெல்லாம் சொல்லித் தர்றேன். நானே பயந்தா எப்படி மாமா?"

நுரை பூசும்போதே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மனசு கேட்காமல் திறந்து பார்த்தாள். தாடைக்கடியில் ஒரு கோடு சுத்தமாக விழுந்திருந்தது. என்னதான் வீராப்பு பேசினாலும் தம்பிக்கும் பயம், எச்சில் விழுங்கினான். தொண்டை மேலேறுமுன்பே கத்தி நின்றுவிட்டது. தொண்டை இறங்கி அடங்கும் வரை, தோலில் பட்டும் படாமலும், அசையாமல் காத்திருந்தது.