செல்லுக்கு உயரம் எவ்வளவு?

கொரியாவில், தேஜானில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் செல்களைத் தட்டில் வளர்ப்பவள் நான். அடுத்த அறையில் அவற்றைக் கணினியில் வளர்க்கிறார்கள். நடுவில் கண்ணாடிச் சுவர். பேச்சு கேட்காது, முகம் தெரியும். எனக்கு அது போதும்.

அந்தக் கணினி அறைப் பெண் ஹேரின் சூசோக் அறுவடைப் பண்டிகை விடுமுறைக்கு ஊருக்குப் போன நேரம் பார்த்து, அவள் இரண்டு வருஷம் எழுதிய நிரலைத் தன் கட்டுரையாக ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டான் அவளுடைய சீனியர் சுங்ஜே. புசான் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கனிந்துகொண்டிருந்தது. நன்றியுரையில்கூட அவள் பெயர் இல்லை.

அவள் திரும்பிவந்து கேட்டதற்கு, "கீபோர்டுல தட்டுனது நீ, யோசிச்சது நான்" என்றானாம். "சரிங்கண்ணா" என்றாளாம். அழுதிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

மாலையில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, கணினி செல்லு காகிதம் மாதிரி தட்டை. ஒண்ணை ஒண்ணு தள்ளுற விசை அழுத்தமாகணும்னா, தொடுற பரப்பால வகுக்கணும். பரப்புக்கு உயரம் வேணும்ல? புரோகிராம்ல சும்மா ஒரு மைக்ரான்னு போட்டு வச்சிருந்தேன்."

"நெசமா எவ்வளவு?"

"நீங்க அளந்து குடுத்தீங்களே, பத்து. என் நோட்டுல இருக்கு, புரோகிராம்ல இன்னும் மாத்தல."

"அவன்கிட்ட சொல்லலியா?"

"அண்ணன் கேக்கலியே."

கட்டுரை வெளியானது. எங்கள் பேராசிரியர் மியோங் எல்லோருக்கும் பொரித்த கோழியும் பீரும் வாங்கினார். சுங்ஜேவுக்கு ஹேரின்தான் இரண்டு கையாலும் ஊற்றினாள், அவ்வளவு மரியாதை.

மறுவாரம் மருத்துவர்கள் வந்த கருத்தரங்கில் சுங்ஜே பேசினான். திரையில் புற்றுக்கட்டி, அழுத்தம் நாற்பது கிலோபாஸ்கல். ஒரு மருத்துவர் அம்மா சிரித்தார். "ரத்த அழுத்தக் கணக்குல முந்நூறு! கட்டி மாத்திரை போடுதா?"

ஹேரின் கை தூக்கினாள். "அண்ணா, உயரம் எவ்வளவு எடுத்தீங்க?"

"புரோகிராம்ல... இருந்ததுதான்."

"ஒரு மைக்ரானா? அவ்வளவு குட்டையான செல்ல எங்கே பாத்தீங்க?"

யாரோ இருமினார்கள். சுங்ஜேவின் காது சிவந்தது. நான் பின்வரிசையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"பத்து மடங்கு தப்பு சார்" என்றாள் பேராசிரியரிடம்.

அவர் குழைந்தார். "திருத்தம் எழுதும்மா, ஒன் பேரையும் சேத்துடலாம்."

"வேணாம் சார். கட்டுரை அண்ணனோடதாச்சே. தப்பும் அவர் பேர்லயே இருக்கட்டும்."

புசான்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நேற்று சுங்ஜே என் அறை வாசலில் நின்றான். "அக்கா, திருத்தத்துக்கு நானே உயரம் அளக்கணும். மைக்ராஸ்கோப் எப்ப கிடைக்கும்?"

மைக்ராஸ்கோப் முன்பதிவேட்டை அவன் பக்கம் திருப்பிவைத்தேன். மாதக் கடைசிவரை ஒவ்வொரு கட்டத்திலும் ஹேரினின் கையெழுத்து.